வெள்ளையாகக் காய்ந்த நெத்திலி

ஜெலுத்தோங்
8 செப்டம்பர் 2024

மச்சான் சிக்கந்தருக்கு ஸலாம்.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பத்து வருஷத்துக்கு முன்னால், உன் மகன் ஹாஃபிஸ் கல்யாண விருந்தில், இனி உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. பள்ளிவாசலில் ஒரு பெரியவரிடம் கேட்டும் உறுதி செய்துகொண்டேன். அவர் சிரித்தார். தப்பு என்றால் சிரிப்பாரா?

பினாங்கில் என் ஐந்தாம் மாடி வீட்டு நடைபாதையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் துறைமுகம் தெரிகிறது. அதற்குப் பின்னால் பாகான் டாலாம், அங்கே உன் வீடு, வீட்டுக்குள் என் தங்கச்சி ஹுஸ்னா. காற்று சரியாக அடித்தால் அவள் மீன் பொரிக்கிற வாசனைகூட வரும். நம்பமாட்டாய், ஆனால் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஆட்கள் என்றால் ஒரு பெண். பெயர் நூர் ஃபாத்திஹா. நம் ஜனம்தான், தமிழ் பேசுகிறாள். சரியாகச் சொன்னால் ஆராய்ச்சி என்னைப் பற்றி இல்லை, நெத்திலியைப் பற்றி. ஒரு வருஷம் கடல் முழுக்க நெத்திலி, மறு வருஷம் தேடினாலும் இல்லை, இது ஏன் என்பதுதான் அவள் படிப்பு. இதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறது மச்சான்! நாம் அந்தக் காலத்தில் தினமும் படித்துக்கொண்டிருந்தோம், சான்றிதழ்தான் யாரும் கொடுக்கவில்லை.

சௌராஸ்தா மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவர் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார். லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்க நின்று கேட்டாள்:

“மாமா, நீங்க பழைய நெத்திலி படகுல இருந்தீங்களாமே?”

“இருந்தேனாவா? நான்தாம்மா அதுல தெக்கோங்.”

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. படகோட்டித் தலைவன் என்று கேட்டதும் அவள் கண் விரிந்ததைப் பார்த்த பிறகு, இல்லைம்மா, நான் கரையில் பாய் விரித்துக் காயப்போட்டவன் என்று சொல்ல மனசு வரவில்லை. நீயாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாய். சொல்லியிருப்பாய், தெரியும்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறாள். மீன் கூட்டத்தை மேலிருந்து எப்படிக் கண்டுபிடிப்போம், தண்ணீர் என்ன நிறம், எந்த மாதம் நல்ல மாதம் என்றெல்லாம் கேட்பாளாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போனால் நல்லது. கொஞ்சம் எழுதி அனுப்பு.

நேற்று அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். நம் காயப்போடுகிற களம் இருந்த இடத்தில் இப்போது நெடுஞ்சாலை. கார்கள் விர்ரென்று போகின்றன. எந்தத் தூணுக்குக் கீழே நம் பாய்கள் கிடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் படகு வரும். அவித்த நெத்திலியைக் கூடை கூடையாக இறக்குவீர்கள். ஹுஸ்னா தேநீர் வாளியோடு வருவாள். நீ கூடையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு என் காலில் கூடையை வைப்பாய். என் இடது கால் கட்டைவிரல் நகம் இன்னமும் கோணல்தான்.

உன் மச்சான்,
நாகூர் மீரான்


பாகான் டாலாம்
17 செப்டம்பர் 2024

மீரானுக்கு,

கடிதம் வந்தது. ஹுஸ்னாதான் பிரித்தாள். வாசித்துவிட்டு என் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

நீ தெக்கோங் இல்லை. நானும் தெக்கோங் இல்லை. தெக்கோங் ஆ ஹோக். நான் முன்பக்கம் நின்று மீன் பார்க்கிறவன். ஏழு வருடம் அதைச் செய்தேன்.

தப்பான பதிலை ஒரு படிக்கிற பெண் எழுதிவைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நல்ல தண்ணீர் தெளிவாக இருக்காது. தேநீரில் கொஞ்சமாகப் பால் விட்டது போலப் பச்சை கலந்து மங்கலாக இருக்கும். மழை பெய்து பிறை ஆறும் மூடா ஆறும் கலங்கிக் கடலில் இறங்கி இரண்டு மூன்று வாரம் ஆனால் அந்த நிறம் வரும். அதற்குப் பிறகுதான் மீன். கூட்டம் இருக்கிற இடத்தில் தண்ணீரின் தோல் நடுங்கும், மழைத்தூறல் விழுவது போல. ஆனால் வானம் காய்ந்திருக்கும். கடற்காக்கை தாழ்வாகப் பறக்கும். தெங்கிரி மாதிரிப் பெரிய மீன் கீழிருந்து துரத்தினால் கூட்டம் ஒரு பக்கமாகச் சாயும்.

1983 பற்றி அவள் கேட்டாளா? கேட்டால் என்ன சொன்னாய்?

சிக்கந்தர்


ஜெலுத்தோங்
6 அக்டோபர் 2024

மச்சானுக்கு ஸலாம்.

உன் கடிதம் தங்கம். தேநீரில் பால் என்று நான் சொன்னதும் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். “மாமா, இதைப் புத்தகத்துல யாரும் இப்படிச் சொன்னதில்ல” என்றாள். நான் தலையை லேசாக ஆட்டினேன், கடலை நிறையப் பார்த்தவன் ஆட்டுவது போல. தண்ணீரின் தோல் நடுங்கும் என்பதைக் கொஞ்சம் வளர்த்துச் சொன்னேன். கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி. பக்கத்து வீட்டு நோர்மாக்கா கதவோரம் நின்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், ஆனாலும்.

1983 பற்றிக் கேட்டாள். அந்த வருஷம் நெத்திலி ஏன் இல்லாமல் போனது, அடுத்த இரண்டு வருஷம் ஏன் திரும்பி வரவில்லை என்று. அவளே விளக்கமும் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன், உனக்குப் பிடிக்கும்.

“மாமா, சின்ன மீன் கூடுறதுக்கும் குறையுறதுக்கும் ஒரே காரணம் இல்ல. தண்ணியில மிதக்குற பொடிப் பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. அது குறைஞ்சா குஞ்சு பசியில செத்துப்போகும். அது கீழேருந்து வர்ற பிடி. மேலேருந்து தெங்கிரி, கணவாய் எல்லாம் தின்னும். நடுவுல நம்ம வலை. நெத்திலிக்கு ஆயுசே ஒரு வருஷம் இருந்தா அதிகம். ஒரு பருவம் தவறினா மறு பருவம் கடல் காலியாத் தெரியும். அந்த வருஷம் எந்தப் பிடி இறுகுச்சுன்னுதான் நான் தேடுறேன்.”

“எதுக்கும்மா சுத்தி வளைக்கிற? பூச்சியும் இல்ல, தெங்கிரியும் இல்லலா. மீரான்தான்!”

“என்ன மாமா?”

“எம் படகு வலையில கொசுகூடத் தப்பாது. ஒரு நாளைக்கு முப்பது டன். முட்டையோட அள்ளினோம். அந்தக் கடலைக் காலி பண்ணினது நான்தாம்மா.”

முப்பது டன் நம் படகில் ஏறினால் படகு என்னாகும் என்று நீ கேட்பாய். அவள் கேட்கவில்லை. பேனா ஓடியது மச்சான், ஓடியது! ஒரு மனிதன் தனியாக ஒரு கடலைக் காலி செய்திருக்கிறான் என்று இதுவரை பினாங்கில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

ஏப்ரலில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். மீன்வளத்துறைக்காரர்கள், படகுக்காரர்கள், பேராசிரியர்கள் எல்லாரும் வருவார்கள். என் பெயரை அட்டையில் அச்சடித்து மேசையில் வைப்பார்களாம். என்ன வேலை என்று போடட்டும் என்று கேட்டாள். மூத்த தெக்கோங் என்றேன்.

ஹுஸ்னாவுக்கு என் ஸலாம். தேநீர் வாளி இன்னும் இருக்கிறதா என்று கேள்.

மீரான்


பாகான் டாலாம்
11 பிப்ரவரி 2025

மீரானுக்கு,

உன் அக்டோபர் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அது உன் வழக்கமான கதை, யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். என் தப்பு.

நேற்று ஹாஃபிஸ் படகுத்துறையிலிருந்து ஒரு காகிதக் கட்டு கொண்டுவந்தான். இந்தக் கடல்பகுதியில் நெத்திலி வலையை முழுவதும் நிறுத்துவது பற்றிய யோசனை. ஏப்ரல் கூட்டத்தில் அதைத்தான் பேசப்போகிறார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆறாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தான். ஜெலுத்தோங்கைச் சேர்ந்த மூத்த தெக்கோங் ஒருவர், தம் வலையே 1983-இல் கடலை வெறுமையாக்கியது என்று நேரடிச் சாட்சி கூறுகிறார் என்று அதில் இருந்தது.

ஹுஸ்னா கரண்டியைக் கீழே வைத்தாள். “இது எங்கண்ணன்தான்” என்றாள்.

ஹாஃபிஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டான். “மாமாவாம்மா? மாமாவா என் படகை நிறுத்தப் போறாரு?” என்று கேட்டான். அவனுக்கு நாற்பது வயது. பதினைந்து வருடம் அடுத்தவர் படகில் வலை இழுத்துவிட்டு, போன வருடம்தான் சொந்தமாக ஒரு நெத்திலிப் படகில் ஏறினான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. உன்னை அவன் சின்ன வயதில் எப்படிப் பார்ப்பான் என்று உனக்கு நினைவிருக்கும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், உனக்கும் தெரிந்ததுதான். 82 கடைசியில் மழை வரவில்லை. 83 தொடக்கத்திலும் வரவில்லை. ஆறு இறங்கவில்லை. கடல் கண்ணாடி போலத் தெளிந்து, பத்து முழ ஆழத்தில் கிடந்த சிப்பி தெரிந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆ ஹோக் அதைப் பார்த்துக் காறித் துப்பினான். “தண்ணியில ஒண்ணும் இல்ல. சோறில்லாத வீடு” என்றான். பிடித்த தெங்கிரியின் வயிற்றைக் கிழித்தால் வெறும் வயிறு. பெரிய மீன் தின்று சின்ன மீன் தீர்ந்திருந்தால் பெரிய மீன் கொழுத்திருக்க வேண்டும் அல்லவா? அதுவும் மெலிந்துதான் கிடந்தது.

எங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். மீன் பசியில் இருந்த அந்த மாதங்களிலும் நாங்கள் வலையை நிறுத்தவில்லை. மிச்சம் இருந்ததையும் அள்ளினோம். அது வேறு. நீ காலி செய்தாய் என்பது வேறு.

இனி எழுதாதே. கூட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும்.

சிக்கந்தர்


ஜெலுத்தோங்
9 மார்ச் 2025

மச்சான்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நோன்பு நேரம், மத்தியானம் தூக்கம் வரவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். முதல் தாளில், கூட்டத்தில் முப்பது டன்னைப் பத்து டன்னாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் மூன்று டன். பிறகு பேனாவை வைத்துவிட்டேன்.

1979-இல் நான் ஒரே ஒரு நாள் காலையில் படகேறினேன். நீதான் படகு முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தாய். கரை தெரிகிறவரை நான் பாடிக்கொண்டிருந்தேன். பினாங்கு மலை சின்னதாகி, பிறகு மேகத்துக்குள் போய், நாலு பக்கமும் தண்ணீர் மட்டும் ஆனதும் என் பாட்டு நின்றுவிட்டது. பாய்மரக் கட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இருபத்திரண்டு வயது ஆம்பிளை. ஆ ஹோக் படகைத் திருப்பினான், ஒரு நாள் மீன் போயிற்று. கரையில் எல்லாரும் கேட்டபோது நீ சொன்னாய்: “காயப்போட ஆள் பத்தல. நான்தான் அவனத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.”

முப்பத்தைந்து வருஷம் அந்தப் பொய்யை நீ எனக்காக வைத்துக்கொண்டிருந்தாய். ஹாஃபிஸ் கல்யாணத்தில், உன் சம்பந்தி வீட்டார் முன்னால், மற்ற மூன்று படகும் கண்டுபிடிக்காத மீன் கூட்டத்தை நீ கண்டுபிடித்த கதையை நான் என் கதையாகச் சொன்னேன். நீ பக்கத்திலேயே பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தாய். “மீரான், நீ ஒரு நாள் முழுசாப் படகுல நின்னதில்லடா” என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அது உண்மை என்பதால்தான் நான் சத்தியம் செய்துவிட்டு எழுந்து போனேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே போன வாரம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

நெத்திலியைக் காயப்போட்டால் பாயில் எண்ணெய் இறங்கும், உனக்குத் தெரியுமோ என்னவோ, நீ கூடையை வைத்துவிட்டுப் போய்விடுவாய். நல்ல கொழுத்த மீன் என்றால் ஒவ்வொரு மீனுக்குக் கீழேயும் ஒரு கறை, பழுப்பாக. மீனும் மஞ்சளடிக்கும். ஒன்றரை நாள் வெயில் வேண்டும். மஞ்சளடித்த நெத்திலியைத் தவுக்கேக்குப் பிடிக்காது. வாங்குகிறவர்களும் முகம் சுளிப்பார்கள். நான் எவ்வளவு புரட்டினாலும் திட்டுதான்.

82 கடைசியில், மழை இல்லாத அந்த மாதங்களில், என் நெத்திலி வெள்ளை வெளேரென்று காய்ந்தது. மல்லிகை மாதிரி. அரை நாளில் காய்ந்து, கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம். பாயில் ஒரு பொட்டுக் கறை இல்லை. தவுக்கே களத்துக்கே வந்து ஒரு பிடி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “மீரான், லு மெமாங் பண்டாய்லா” என்றார். நீ உண்மையிலேயே கெட்டிக்காரன் என்று மலாயில் சொன்னார், எல்லார் முன்னாலும். என் நெத்திலியைக் கடை முகப்பில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். என் வாழ்க்கையில் என் வேலையை ஒருவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான் மச்சான். நான் மீனைப் புரட்டுகிற விதத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நானும் நம்பினேன்.

போன வாரம் ஃபாத்திஹா வந்தபோது உன் கடிதத்தை மனசில் வைத்துக்கொண்டு கேட்டேன்: “ஏம்மா, பட்டினி கிடந்த நெத்திலி எப்படி இருக்கும்?”

“கொழுப்பு இருக்காது மாமா. வெள்ளையா, சீக்கிரமாக் காயும். முட்டை வைக்கத் தாய்கிட்ட தெம்பே இருக்காது. ஏன் கேக்குறீங்க?”

சும்மா என்றேன்.

என் கைராசி என்று நான் சொன்னது அந்த மீன்களின் பசி. படகு வெறுமையாகத் திரும்புவதற்கு நாலைந்து மாதம் முன்னாலேயே அது என் பாயில் எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் இதைச் சொன்னால் நான் தெக்கோங் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அட்டையில் பெயர் அச்சடித்துவிட்டார்கள்.

மீரான்


பாகான் டாலாம்
20 மார்ச் 2025

மீரானுக்கு,

பாயில் கறை இருந்தது இல்லாதது எனக்குத் தெரியாது. இதை நீ எனக்குச் சொன்னது போதாது. அங்கே சொல்.

ஹாஃபிஸிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தான். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் படகுத்துறைக்குப் போனான்.

பெருநாளைக்கு ஹுஸ்னா உனக்குப் பலகாரம் அனுப்புகிறாள். நான் சொல்லி அனுப்பவில்லை.

சிக்கந்தர்


ஜெலுத்தோங்
20 ஏப்ரல் 2025

மச்சானுக்கு ஸலாம்.

பலகாரம் வந்தது. தேங்காய்ப் பாலில் சர்க்கரை ஒரு கரண்டி அதிகம். அம்மா செய்கிற மாதிரியே.

வியாழக்கிழமை கூட்டம் நடந்தது. நீ வந்திருந்தாயா என்று தெரியவில்லை. இருநூறு பேர் இருந்தார்கள். சரி, எழுபது பேர்.

மேசையில் அட்டை. மூத்த தெக்கோங் நாகூர் மீரான். மலாயிலும் ஆங்கிலத்திலும் அழகாகப் போட்டிருந்தார்கள். ஃபாத்திஹா எழுந்து என்னை அறிமுகம் செய்தாள். தன் தகப்பனை அறிமுகம் செய்கிற மாதிரி. நான் மைக்கைப் பிடித்தேன். முதலில் ஒரு நல்ல கதைதான் வாயில் வந்தது மச்சான், அல்லாஹ் அறிய. தெங்கிரிக் கூட்டம் ஒன்று, சூரியன் மறைகிற அளவுக்குக் கடற்காக்கை. பாதியில் நிறுத்தினேன்.

“இந்த அட்டையில போட்டிருக்கது தப்பு” என்றேன். “நான் தெக்கோங் இல்ல. ஒரே ஒரு நாள் படகுல ஏறினேன், அழுதுட்டு இறங்கிட்டேன். நான் கரையில நெத்திலி காயப்போட்டவன். முப்பது டன்னு சொன்னது பொய். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஃபாத்திஹா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. அதைப் பார்க்க முடியாமல் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாயைப் பற்றிச் சொன்னேன். கறை, மஞ்சள், வெள்ளை, அரை நாள், தவுக்கே சொன்னது. என்னைப் பாராட்டினார் என்பதையும், அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை என்பதையும். கைகளை ஆட்டவில்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு.

முடித்ததும் ஒரு பேராசிரியர், “எந்த மாதத்தில் கறை நின்றது?” என்று கேட்டார். தெரியும் என்று ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்லியிருக்கலாம். “மாதம் சரியா ஞாபகம் இல்லைங்க. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடி. பக்கத்துக் கடையில வெடி வித்தாங்க” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அதோடு வெளியே வந்து பஸ் பிடித்தேன். ஃபாத்திஹா வாசல் வரை ஓடிவந்தாள் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மீரான்


பாகான் டாலாம்
11 ஜூன் 2025

மச்சான் மீரானுக்கு,

கூட்டத்துக்கு நானும் ஹாஃபிஸும் வந்திருந்தோம். கடைசி வரிசை. சிரித்தது நாங்கள் இல்லை. உன் பின்னாலேயே எழுந்து வந்தேன், நீ பஸ்ஸில் ஏறிவிட்டாய். என் முழங்காலுக்கு இப்போது அந்த வேகம் கிடையாது.

ஃபாத்திஹா போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆறாம் பக்கத்தை எடுத்துவிட்டாளாம். அவள் பெரியவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறாள், சொல்லவில்லை, தெரிந்தது. உன் மேல் கோபமா என்று ஹுஸ்னா கேட்டாள். “கோபம்தான் அத்தே. ஆனா அவர் சொன்ன அந்தப் பாய்க் கறை விஷயம் எனக்கு வேணும்” என்றாள். என்னிடம் கடலைப் பற்றி இரண்டு மணி நேரம் கேட்டாள், சொன்னேன். பிறகு, பிடித்த மீன் காய்ந்த பிறகு எப்படி இருந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடம் பிடித்தேன், ஒரு நாள்கூடக் களத்தில் நின்று பார்த்ததில்லை. அதை மீரானிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

முடிவு வந்துவிட்டது. வலையை முழுவதும் நிறுத்தவில்லை, ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு படகும் மாதம் ஒரு முறை சோதனைக்கு மீன் கொடுக்க வேண்டும். மீன் மெலிந்திருந்தால் அந்தப் பருவத்துக்கு வலை நிற்கும், மீன் தேறியதும் மறுபடி போடலாம். ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வர ஆறு வாரம் ஆகுமாம். ஆறு வாரத்தில் எவ்வளவு அள்ளிவிடுவோம் என்று எனக்குத் தெரியும். 83-இல் பார்த்தேன்.

இரண்டு மாதமாக மழை சரியில்லை. தண்ணீர் தெளிந்து வருகிறது என்று ஹாஃபிஸ் சொல்கிறான். எனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

இதோடு ஒரு டப்பா வருகிறது. நேற்று அவன் படகில் அவித்த நெத்திலி. அவனே கொண்டுவருவான். மேலே ஏறி வருவானா என்று தெரியாது, கீழே காவல்காரரிடம் கொடுத்துவிட்டும் போகலாம். காயப்போட்டுப் பார்த்து எழுது. உள்ளது உள்ளபடி.

எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வா. சத்தியத்துக்குப் பரிகாரம் என்னவோ அதை நான் செய்கிறேன்.

சிக்கந்தர்


ஜெலுத்தோங்
14 ஜூன் 2025

மச்சான் சிக்கந்தருக்கு ஸலாம்.

சத்தியம் செய்தவன் நான், பரிகாரமும் என்னுடையது. பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுவிட்டேன். ஏழு பேர்தான் வந்தார்கள், மிச்ச மூன்று பேரை நாளை பார்க்கிறேன்.

ஹாஃபிஸ் மேலே வந்தான். லிஃப்ட் வேலை செய்தது, ஆனால் படியில்தான் ஏறிவந்தான், யோசிப்பதற்காக இருக்கும். டப்பாவை நீட்டி, “மாமா, நல்லபடியாச் சொல்லுங்க” என்றான். உள்ளே வரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டான். கழுத்தில் வெயில் அடித்துக் கறுத்திருக்கிறான், உன்னை அந்த வயதில் பார்த்த மாதிரியே.

மீனை நடைபாதைக் கம்பியோரம், நோர்மாக்கா கொடுத்த வெள்ளைத் தாளில் பரப்பினேன். பாய் இப்போது எங்கே கிடைக்கிறது? நேற்று காலை எட்டு மணிக்குப் போட்டேன். பூனையை விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை, எப்போது புரட்ட வேண்டும் என்று அதற்கே தெரிகிறது. அந்த வாசனையில் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. ஆ ஹோக்கின் கெட்ட வார்த்தை, தேநீர் வாளி, மத்தியானப் படகுச் சத்தம். பன்னிரண்டு மணிவரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஒரு மணிக்கே காய்ந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன், சலசலவென்றது. வெள்ளையாக இருக்கிறது மச்சான். ரொம்ப அழகாக இருக்கிறது. இந்த வயதில் இதைவிட நல்ல நெத்திலியை நான் காயப்போட்டதில்லை என்று சொன்னால் யாரும் மறுக்கமுடியாது.

கொஞ்சம் எண்ணெய் இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாக என்று எழுதலாமா என்று உட்கார்ந்து யோசித்தேன். ஹாஃபிஸ் படியிறங்கிப் போனது கண்ணிலேயே இருந்தது. அடுப்பிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் எடுத்து வைத்தால்கூட யாருக்குத் தெரியும்? கிண்ணத்தை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

தாளை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். நாலு மூலையிலும் பார். ஒன்றும் இருக்காது.

ஹாஃபிஸிடம் வலையை நிறுத்தச் சொல். கடிதத்தைக் காட்ட வேண்டாம், நீயே உன் வாயால் சொல். ஃபாத்திஹாவுக்கு இன்று காலையில் ஃபோன் செய்துவிட்டேன். அவளுக்குச் சொன்னதும் இதே வார்த்தைகள்தான்.

நாளை ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு வருகிறேன். ஹாஃபிஸுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் ஹுஸ்னாவிடம் சொல்லிவை, பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

உன் மச்சான்,
மீரான்